ஜாக் ஜோடி வந்தாலே தோல்வியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து அப்பப்ப சின்ன அளவுல போக்கர் டோர்னமெண்ட் நடத்துறோம் சார். எனக்கு ஜாக் ஜோடி வந்துச்சுன்னா அன்னிக்கு நான்தான் அடுத்து வெளிய போற ஆளுன்னு எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி சிரிக்கிறாங்க, அப்படியேதான் நடக்கவும் செய்யுது. பேசாம அந்தக் கை வந்தா ஃபோல்டு பண்ணிட்டு, அதாவது சீட்டைக் கீழ போட்டுட்டுப் போயிடலாமான்னு இருக்கு. ஒருத்தருக்கு ராசியில்லாத கைன்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா?

பதில்: இல்லைங்க. ஆனா வெறுமனே இல்லைன்னு சொன்னா உங்களுக்கு மனசு ஆறாது, ஏன்னா ஜாக் ஜோடிகிட்ட நிஜமாவே ஒரு தொல்லை இருக்கு, அந்தத் தொல்லைக்குப் பேரு ராசி இல்லை, அவ்ளோதான். நாம ஆடுற ஹோல்டெம் வகைப் போக்கர்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு, மேஜையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு. உங்க கையில ரெண்டு ஜாக், பாக்காத சீட்டு 50, அதுல ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ராணி நாலு, ராஜா நாலு, ஏஸ் நாலுன்னு மொத்தம் 12. ஃப்ளாப்ல, அதாவது மேஜையில முதல்ல சேர்ந்து விழுற மூணு பொதுச் சீட்டுல, ஒண்ணாவது அந்தப் பன்னெண்டுல இருந்து வர்றதுக்கு 57 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதாவது பாதிக்கு மேல தடவை உங்க ஜோடியைவிடப் பெரிய சீட்டு ஒண்ணு மேஜை மேல உக்காந்து உங்களைப் பயமுறுத்தும். ராணி ஜோடி வச்சிருந்தா இதே கணக்கு 41, ராஜா ஜோடின்னா 23 தான். அதனால ஜாக் வச்சிருக்கிறவர் வயித்துல புளியைக் கரைக்கிற நேரம் ராணி, ராஜா ஜோடிக்காரங்களைவிட நிஜமாவே அதிகம், உங்க அனுபவம் பொய் இல்லை.

பெரிய சீட்டு விழுந்துட்டா தோத்தாச்சுன்னு நினைக்கிறீங்க பாருங்க, தப்பு அங்கதான். ஒரு கையை மெதுவா ஓட்டிப் பாப்போம். பிளைண்ட், அதாவது சீட்டு போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா வைக்கிற சிப்ஸ், 100, 200. உங்ககிட்ட சிப்ஸ் 10,000. ஜாக் ஜோடி வந்துச்சு, பந்தயத்தை 600க்கு ஏத்தி ரெய்ஸ் பண்றீங்க, பிக் பிளைண்ட்ல இருக்கிறவர், அதாவது அந்த 200 வச்சவர், மட்டும் அதே அளவு கட்டி கால் பண்றார், நடுவுல சேர்ந்த பாட்ல 1,300. ஃப்ளாப் ராணி, 7, 2, எல்லாம் வேற வேற சூட். அவர் எதுவும் கட்டாம செக் பண்றார். உங்களுக்கு அந்த ராணியைப் பாத்ததுமே தெம்பு போயிடுது, "ஆரம்பிச்சிருச்சுடா"ன்னு நீங்களும் செக். நாலாவது பொதுச் சீட்டான டர்ன்ல ஒரு ராஜா வருது, அவர் 700 வைக்கிறார், நீங்க ஃபோல்டு. அவர் கையைத் திருப்பிக் காட்டுறார், 8-7, வெறும் ஏழு ஜோடி. எல்லாரும் சிரிக்கிறாங்க, ஜாக் மறுபடியும் தோத்துருச்சு.

தோத்தது ஜாக்கா சொல்லுங்க? ஃப்ளாப்ல ராணி விழுந்தப்ப மிச்சம் இருந்தது மூணு ராணிதான். ஏதோ ரெண்டு சீட்டு வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட அதுல ஒண்ணு இருக்க வாய்ப்பு எட்டுல ஒண்ணு. கால் பண்ணி வந்தவர் கண்ட கையோட வந்திருக்க மாட்டாரு, அதனால கொஞ்சம் கூட்டியே வச்சுக்கோங்க, அப்பவும் பாதிகிட்டகூட வராது. அங்க ஒரு 700 வச்சிருந்தா அந்த ஏழு ஜோடிக்காரர் ஒண்ணு போயிருப்பார், இல்ல உங்களைவிட சின்னக் கையோட காசு கொடுத்து இருந்திருப்பார், ரெண்டுமே உங்களுக்கு லாபம். பயம்தான் அந்த பாட்டைத் தூக்கிக் கொடுத்துச்சு. இதுக்கு நேர் எதிரா இன்னொரு பயம் இருக்கு, ஃப்ளாப் பாக்கவே பயந்து மொத்த 10,000த்தையும் முன்னாடியே ஆல்-இன் தள்ளிடுறது. தள்ளினா என்ன ஆகும், உங்ககிட்ட தோக்க வேண்டிய பத்து ஜோடி, ஏழு ஜோடிக்காரங்க எல்லாம் எழுந்து போயிடுவாங்க, ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, இல்ல ஏஸ்-ராஜா வச்சிருக்கிறவர்தான் கால் பண்ணுவார். தேடிப் பிடிச்சு பெரிய கையை மட்டும் கூப்பிட்டு மோதுற மாதிரி. அப்புறம் தோத்துட்டு ராசியைத் திட்டுறது என்ன நியாயம்?

ஏதோ ஒரு கையோட ஒத்தைக்கு ஒத்தை கடைசிவரைக்கும் போனா ஜாக் ஜோடி நூத்துக்கு 77 தடவை ஜெயிக்கும். இதையா பாக்காம கீழ போடுவீங்க? போடாதீங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: எனக்கு ஏஸ் ஜோடியே அப்படித்தான் அண்ணா. மத்தவங்க அந்தக் கைக்காக ராத்திரி பூரா காத்திருப்பாங்க, எனக்கு வந்தா யாரோ ஒரு ரெண்டும் ஆறும் வச்சிருக்கிறவன் அடிச்சுட்டுப் போயிடுறான்.

பதில்: தம்பி, அந்த ஏஸ் ஜோடியை எப்படி ஆடுறீங்கன்னு சொல்லவே இல்லையே. நான் கேள்விப்பட்டவரைக்கும் பழக்கம் குறைஞ்ச டோர்னமெண்ட்ல பத்துல எட்டு பேர் ஏஸ் ஜோடி வந்தா ஒளிச்சு வைக்கிறாங்க, ரெய்ஸ் பண்ணா எல்லாரும் ஓடிடுவாங்கன்னு சும்மா கால் மட்டும் பண்ணிட்டு வேட்டைக்காரன் மாதிரி உக்காந்திருக்காங்க. நாலஞ்சு பேர் சல்லிசா ஃப்ளாப் பாக்க உள்ள வந்துடுறாங்க. ஒரே ஒருத்தர் எதிர்ல இருந்தா ஏஸ் ஜோடிக்கு ஜெயிக்கிற வாய்ப்பு 85 சதவீதம். எதிர்ல நாலு பேர் கடைசிவரைக்கும் இருந்தா அதே கை 56க்கு இறங்கிடும். எட்டு பேர் இருந்தா 35 தான், அதாவது மூணு தடவைல ரெண்டு தடவை தோக்கும், அதுவும் முதல்ல கைக்கு வர்ற ரெண்டு சீட்டுல இருக்கிறதுலயே பெரிய கையோட. அந்த ரெண்டும் ஆறும் உள்ள வந்ததுக்கு கதவைத் திறந்து விட்டது யாரு?

இன்னொண்ணும் இருக்கு. நல்லா ஆடினாலும் ஏஸ் ஜோடி ஜெயிக்கிறப்ப பெரும்பாலும் சத்தமே இல்லாம ஜெயிக்கும், நீங்க ரெய்ஸ் பண்ணுவீங்க, எல்லாரும் ஃபோல்டு, பிளைண்டை எடுத்துப் போட்டுக்கிட்டு அடுத்த கைக்குப் போயிடுவீங்க. தோக்கிறப்பதான் மொத்த சிப்ஸும் நடுவுல இருக்கும், நீங்க நாற்காலியை விட்டு எழுந்து நிப்பீங்க, கடைசிப் பொதுச் சீட்டான ரிவர்ல ஒரு ஆறு வந்து விழும், அந்தச் சத்தம், அந்த முகங்கள், எல்லாம் அப்படியே மனசுல ஒட்டிக்கும். ஒரு வருஷம் கழிச்சு யோசிச்சா ஞாபகத்துல நிக்கிறது அந்த ரெண்டு மூணு ராத்திரி மட்டும்தான். எது சட்டுனு ஞாபகம் வருதோ அதுதான் அடிக்கடி நடக்குதுன்னு மனசு முடிவு பண்ணிடும்னு ட்வெர்ஸ்கி, கானமான்னு ரெண்டு உளவியல் அறிஞர்கள் 1973லயே எழுதிட்டாங்க, போக்கர் மேஜையில உக்காந்த யாருக்கும் அதுக்கு சாட்சி தேவைப்படாது.

டோர்னமெண்ட்டோட இயல்பையும் மறக்காதீங்க. பிளைண்ட் ஏறிக்கிட்டே போகும், காத்திருக்க விடாது, ஜெயிக்கணும்னா நிறைய ஆல்-இன்ல பிழைக்கணும். ஒவ்வொண்ணுலயும் உங்களுக்கு 80 சதவீதம் சாதகமா இருந்தாலும் வரிசையா நாலு தடவை பிழைக்க வாய்ப்பு 41 தான். நல்ல கையோடதான் பெரும்பாலானவங்க வெளிய போவாங்க, கெட்ட கையை யாரும் ஆல்-இன் வரைக்கும் கொண்டு போறதில்லையே.

கேள்வி: ஏஸும் எட்டும் சேர்ந்து வந்தா எங்க மேஜையில ஒரு பெரியவர் தொடவே மாட்டார். அது செத்தவன் கை, அதை வச்சு ஆடினவன் உயிரோட எழுந்திருக்கலைங்கிறார். அந்தக் கதை நிஜமா?

பதில்: கதையில ஆள் நிஜம், சாவு நிஜம். வைல்டு பில் ஹிக்காக்னு அமெரிக்க மேற்குப் பகுதியில பேர் பெற்ற துப்பாக்கிக்காரர், சட்ட அதிகாரியாவும் இருந்தவர், 1876 ஆகஸ்ட் 2ஆம் தேதி டெட்வுட்ங்கிற சுரங்க ஊர்ல ஒரு சலூன்ல போக்கர் ஆடிக்கிட்டிருந்தப்ப ஜாக் மெக்கால்ங்கிறவன் பின்பக்கமா வந்து தலையில சுட்டுட்டான். மெக்காலை சுரங்கக்காரங்க கூடி விசாரிச்சு முதல்ல விட்டுட்டாங்க, அப்புறம் முறையான கோர்ட்டுல மறுபடி விசாரணை நடந்து 1877 மார்ச் 1ஆம் தேதி தூக்குல போட்டாங்க.

ஆனா அந்த நேரத்துல அவர் கையில கறுப்பு ஏஸ் ரெண்டும் கறுப்பு எட்டு ரெண்டும் இருந்துச்சுங்கிற பேச்சு ஊர் பூரா பரவுனது 1926ல வந்த அவரோட வாழ்க்கை வரலாறு ஒண்ணாலதான், சம்பவம் நடந்து 50 வருஷம் கழிச்சு. அஞ்சாவது சீட்டு என்னன்னு இன்னிக்கு வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அதைவிட முக்கியம், 'செத்தவன் கை'ங்கிற பேரு 1880கள்லயே புழக்கத்துல இருந்துச்சு, அப்ப அது மூணு ஜாக்கும் ரெண்டு பத்தும் சேர்ந்த ஃபுல் ஹவுஸைக் குறிச்சுச்சு. ஒரே பேரு ஒரு கையில இருந்து இன்னொரு கைக்குத் தாவியிருக்கு, ராசின்னா இப்படியா வீடு மாறும்?

எனக்கு இந்தக் கதையில மனசுல நிக்கிறது சீட்டு இல்லை, நாற்காலி. ஹிக்காக் எப்பவுமே சுவத்துக்கு முதுகு காட்டிதான் உக்காருவார், அவ்வளவு எதிரிகள் அவருக்கு. அன்னிக்கு அந்த இடத்துல வேற ஒருத்தர் உக்காந்திருந்தார், இடம் மாத்திக்கலாமான்னு கேட்டும் அவர் எழுந்திருக்கலை, அதனால ஹிக்காக் முதுகுக்குப் பின்னாடி கதவு இருக்கிற மாதிரி உக்கார வேண்டியதாச்சு. அவரைக் கொன்னது அது. கையில அவர் போக்கர்லயே பெரிய கையான ராயல் ஃப்ளஷ் வச்சிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

அந்தப் பெரியவர்கிட்ட இன்னொண்ணு சொல்லுங்க. அஞ்சு சீட்டு போக்கர்ல முதல்லயே ஏஸ், எட்டுன்னு ரெண்டு ஜோடி வந்தா அது அருமையான கை. மொத்தம் வரக்கூடிய 25,98,960 கைகள்ல அதை அடிக்கக்கூடியது 82,548 தான், அதாவது நூத்துக்கு நாலுகூட இல்லை. ஆனா இப்ப நாம ஆடுற ஹோல்டெம்ல கையில ஒரு ஏஸும் ஒரு எட்டும் வர்றது முழுக்க வேற விஷயம். ஏஸ் ஜோடி சேர்ந்தாலும் பக்கத்துச் சீட்டு எட்டுதான், எதிராளிகிட்ட ஏஸ்-ராணி இருந்தா கஷ்டம். அதனால மத்தவங்களுக்கு முன்னாடியே ஆட வேண்டிய இடத்துல இருந்து அதை ஃபோல்டு பண்றது பல நேரம் சரியான ஆட்டம்தான். பெரியவர் செய்றது சில சமயம் சரி, அவர் சொல்ற காரணம்தான் சரியில்லை.

கேள்வி: 7-2 தான் உலகத்துலயே மோசமான கையா?

பதில்: ஒன்பது பத்து பேர் உக்காந்திருக்கிற மேஜையில, சூட் சேராத 7-2 தான் மோசம். ரெண்டு சீட்டையும் சேர்த்து அஞ்சு சீட்டு வரிசையா வர்ற ஸ்ட்ரெய்ட் போட முடியாது, அஞ்சும் ஒரே சூட்டா வர்ற ஃப்ளஷுக்கும் பெருசா உதவாது, ஜோடி விழுந்தாலும் சின்னது. ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்துல மட்டும் 3-2 அதைவிட மோசம். ஆனா இதே 7-2 ஏஸ் ஜோடியோட மோதினாகூட எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவை ஜெயிக்கும், அந்த ஒரு தடவை மேஜைல எழும்புற கூச்சலைத்தான் ஊரே பேசும்.

கேள்வி: ராசியில்லாத கையைப் பத்தியே பேசுறோமே, ராசியான கை? டாய்ல் பிரன்சன் 10-2 வச்சே ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆனார்ல, நானும் அதை விடுறதே இல்லை.

பதில்: ஆனார், உண்மைதான். 1976லயும் 1977லயும் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவெண்ட்டோட கடைசிக் கையில அவர்கிட்ட இருந்தது 10-2. ரெண்டு தடவையும் ரிவர்ல ஒரு பத்து வந்து ஃபுல் ஹவுஸ் ஆச்சு. இன்னிக்கும் அந்தக் கையை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. கேட்கவே சிலிர்ப்பா இருக்கும், எனக்கும் அந்த ரெண்டு கையும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த ரெண்டு தடவையும் மேஜைல மிச்சம் இருந்தது ரெண்டே பேர், ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்துல 10-2 மாதிரி கையெல்லாம் ஆடித்தான் ஆகணும். ஒன்பது பேர் மேஜையில நீங்க ஒவ்வொரு தடவையும் அதுக்கு சிப்ஸ் கட்டினா அது சாம்பியன் ஆடின ஆட்டம் இல்லை. ராசியில்லாத கைன்னு நல்ல கையைத் தூக்கிப் போடுறவரைவிட ராசியான கைன்னு கெட்ட கையைப் பிடிச்சுத் தொங்குறவர் வேகமா காலியாவார், ஏன்னா முதல் ஆளுக்கு நஷ்டம் கிடைக்காம போன சிப்ஸ், ரெண்டாவது ஆளுக்கு கையில இருந்த சிப்ஸ்.

கேள்வி: 9-4 வந்துச்சு, வழக்கமா தோக்குற கைன்னு ஃபோல்டு பண்ணேன். ஃப்ளாப் 9-9-4! ராத்திரி தூக்கமே வரலை. இனிமே 9-4 வந்தா ஆடட்டுமா?

பதில்: வேண்டாம். கையில ரெண்டு வேற சீட்டோட போய் ஃப்ளாப்லயே ஃபுல் ஹவுஸ் விழறது சுமார் 1,089 தடவைக்கு ஒரு தடவை. அந்த ஒண்ணுக்காக மிச்சம் ஆயிரத்து சொச்சம் தடவை காசு கட்டணும். நீங்க பண்ண ஃபோல்டு அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி. ஃபோல்டு பண்ண கை என்ன ஆயிருக்கும்னு டீலர்கிட்ட கேட்டு அடுத்த சீட்டைத் திருப்பிப் பாக்குற பழக்கம் உங்க மேஜையில இருந்தா அதையும் நிறுத்தச் சொல்லுங்க, இந்த மாதிரி தூக்கம் கெடுறதுக்கு அதுதான் பாதிக் காரணம்.

கேள்வி: போன டோர்னமெண்ட்ல வரிசையா அஞ்சு ஆல்-இன் தோத்தேன், எல்லாமே பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்தது கண்டிப்பா நமக்குத்தான்னு, காலியானதும் திரும்பக் காசு கட்டி சிப்ஸ் வாங்கி, ரீ-பை மேல ரீ-பை போட்டேன். வீட்டுல தெரிஞ்சு பெரிய சண்டை. நான் நினைச்சது தப்பா?

பதில்: இந்தக் கடிதம்தான் எனக்கு மத்த எல்லாத்தையும்விட கவலையா இருந்துச்சு, அதனால நேரா சொல்றேன், தப்புங்க. அஞ்சு தடவை வரிசையா தோக்குறது 32ல ஒரு தடவை தானா நடக்கும், ஒரு அறையில முப்பது நாப்பது பேர் ஆடினா யாராவது ஒருத்தருக்கு அது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அன்னிக்கு அது நீங்க. ஆறாவது ஆல்-இன்னுக்கு முந்தின அஞ்சும் தெரியாது. கலைச்சுப் போட்ட கட்டுக்கு ஞாபகமும் இல்லை, இரக்கமும் இல்லை, பாக்கி வைக்கிற பழக்கமும் இல்லை.

1913 ஆகஸ்ட் 18ஆம் தேதி மாண்டி கார்லோ கேசினோவுல ரூலெட் சக்கரம் வரிசையா 26 தடவை கறுப்புலயே நின்னுச்சு. பத்து, பதினஞ்சு தாண்டினதும் இனி சிவப்பு வந்தே ஆகணும்னு ஜனங்க முண்டியடிச்சு சிவப்பு மேல கட்டினாங்க, ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கூட்டிக் கட்டினாங்க, சக்கரம் கறுப்புலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஏகப்பட்ட பேர் காலியானாங்க. அங்க நின்னவங்க எல்லாரும் உங்களை மாதிரிதான் நினைச்சாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, ரூலெட்ல தோத்தவர் அடுத்த சுத்துல மோசமா ஆட முடியாது, போக்கர்ல முடியும். அஞ்சு தோல்விக்கு அப்புறம் ரீ-பை போட்டு உக்காரும்போது உக்காருறது ஆறுதல் தேடுற ஆளு, ஃபோல்டு பண்ண வேண்டிய கையெல்லாம் அழகாத் தெரியும், போக்கர்காரங்க இதைத்தான் டில்ட்னு சொல்றாங்க. ராசி மாறல, நீங்க மாறிட்டீங்க. ஒரு டோர்னமெண்ட்டுக்கு எவ்வளவுன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டு, வீட்டுல இருக்கிறவங்களுக்கும் அதைச் சொல்லிட்டுப் போங்க. அந்த அளவுக்குள்ள நிக்க முடியலைன்னா, ரீ-பை வசதியே இல்லாத ஆட்டத்துல மட்டும் உக்காருங்க. அதுவும் முடியலைன்னா கொஞ்ச நாள் மேஜைப் பக்கமே போகாதீங்க, யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க, இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை.

கேள்வி: கட்டு சரியில்லைன்னு சொல்லி சீட்டுக்கட்டை மாத்தச் சொல்றது மூடநம்பிக்கையா?

பதில்: காரணத்தைப் பொறுத்தது. சீட்டு ஓரம் மடங்கியிருக்கு, பின்பக்கம் கறை இருக்குன்னா உடனே மாத்தச் சொல்லுங்க, அது உங்க உரிமை. எனக்கு வரவேமாட்டேங்குதுன்னு மாத்தச் சொன்னா அதுல பலன் இல்லை.

ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நல்ல சந்தேகம் ஒளிஞ்சிருக்கு. டீலர் இல்லாத ஆட்டங்கள்ல ஆளாளுக்கு கலைக்கிறோம், பேசிக்கிட்டே ரெண்டு தடவை மேலயும் கீழயும் அள்ளிப் போட்டுட்டு டீல் பண்ணிடுறோம், அது கலைச்ச கணக்கே இல்லை. முந்தின கையில ஒண்ணா கிடந்த சீட்டுங்க ஒண்ணாவே வரும். ரெண்டு பாதியாப் பிரிச்சு விரலால படபடன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு விழுற மாதிரி கலைக்கிற ரிஃபிள் முறையில, 52 சீட்டு நல்லாக் கலைய ஏழு தடவை வேணும்னு பேயர், டயகோனிஸ்ங்கிற கணிதக்காரங்க 1992ல காட்டினாங்க. பழகின டீலர்கள் முதல்ல சீட்டை எல்லாம் மேஜையில கவுத்துப் பரப்பி ரெண்டு உள்ளங்கையாலயும் சுத்திச் சுத்திக் கலக்குவாங்க, அப்புறம் ரெண்டு ரிஃபிள், நடுவுல கட்டைச் சின்னச் சின்னப் பகுதியா எடுத்து வரிசை மாத்திப் போடுறது, திரும்ப ஒரு ரிஃபிள், கடைசியா வெட்டு. சரியாக் கலைக்காத கட்டு உங்களைத் தேடி வந்து பழிவாங்காதுதான், ஆனா ஆட்டத்தோட நேர்மை கெடும், சீட்டைக் கூர்ந்து பாக்குற ஒருத்தருக்கு அது லாபமா முடியும். அதனால கட்டை மாத்தச் சொல்றதுக்குப் பதிலா ஒழுங்காக் கலைக்கச் சொல்லுங்க, உரக்கவே சொல்லுங்க.

கேள்வி: கை சீட்டு மேல வைக்க ஒரு பழைய நாணயம் வச்சிருக்கேன். அது இல்லாம ஆடினா கை நடுங்குது. விட்டுடணுமா?

பதில்: எதுக்கு விடணும்? சீட்டு மேல ஏதாவது வைக்கிறது உண்மையிலேயே உபயோகமான பழக்கம், காப்பு இல்லாம கிடக்கிற கையை டீலர் ஃபோல்டு பண்ணதுன்னு நினைச்சு வாரிட்டுப் போயிட்டா பெரும்பாலான டோர்னமெண்ட்ல உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது, உங்க கையைக் காப்பாத்துறது உங்க பொறுப்பு. 1987லயும் 1988லயும் வரிசையா உலகப் பட்டம் ஜெயிச்ச ஜானி சான் மேஜையில ஒரு ஆரஞ்சுப் பழம் வச்சிருப்பார், அதை ராசிப் பழம்னு நினைச்சு நிறைய பேர் அவங்களும் பழத்தோட வந்து உக்கார ஆரம்பிச்சாங்க. அவர் அதை வச்சது அப்ப ஆடுற இடம் பூரா இருந்த சிகரெட் நாத்தம் தாங்காம மோந்து பாக்க.

நாணயம் இல்லைன்னா கை நடுங்குதுங்கிறதை மட்டும் கொஞ்சம் கவனிங்க. ஸ்கின்னர்ங்கிற உளவியல் அறிஞர் 1948ல புறாக்களுக்கு, அதுங்க என்ன செஞ்சாலும் செய்யாட்டியும், குறிப்பிட்ட இடைவெளியில தீனி விழுற மாதிரி வச்சுப் பாத்தார். தீனி விழுந்தப்ப தற்செயலா சுத்திக்கிட்டிருந்த புறா, சுத்தினதாலதான் தீனி வருதுன்னு விடாம சுத்த ஆரம்பிச்சுச்சு, இன்னொண்ணு தலையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. நாணயத்தை வேணும்னே ரெண்டு மூணு ஆட்டத்துக்கு வீட்டுல வச்சுட்டுப் போங்க, பதிலா ஒரு சாதாரண சிப் வைங்க, நடுக்கம் தானா அடங்கும். அப்புறம் ஆசைக்கு நாணயத்தை எடுத்துக்கோங்க.

கேள்வி: எனக்கு எந்தக் கை ராசி, எது ராசியில்லைன்னு நோட்டுல எழுதிக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: எழுதுங்க, ஆனா எதிர்பாக்குறது கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு ஜோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். நேர்ல உக்காந்து ஆடினா மணிக்கு 25, 30 கைதான் ஓடும், அப்ப ஜாக் ஜோடி ஏழெட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. எப்பவாவது ஆடுறவருக்கு வருஷம் முழுக்க சேர்த்தாலும் கொஞ்சம்தான் தேறும், அந்தக் கொஞ்சத்துல ஒண்ணு ரெண்டு தோல்வி கூடுதலா விழறதும் குறைவா விழறதும் சகஜம், அதை வச்சு ஒரு கைக்கு ஜாதகம் எழுத முடியாது. நோட்டுல ஜெயிச்சேன் தோத்தேன்னு எழுதுறதைவிட நான் எங்க உக்காந்திருந்தேன், எவ்வளவு ரெய்ஸ் பண்ணேன், எத்தனை பேர் கால் பண்ணாங்க, ஃப்ளாப்ல என்ன செஞ்சேன்னு எழுதுங்க. ராசியில்லாத கைன்னு நீங்க நினைக்கிற கையில மட்டும் ரெய்ஸ் சின்னதா இருக்கும், செக் அதிகமா இருக்கும், பத்துப் பக்கம் எழுதுறதுக்குள்ள உங்க கண்ணுக்கே அது தெரியும்.

கேள்வி: என் தம்பி ஆடும்போது நான் பின்னாடி நின்னா தோக்குறானாம். நீ வந்து கண்ணு வச்சுட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

பதில்: கஷ்டமாத்தான் இருக்கும்மா. கலைச்சு வெட்டி வச்ச கட்டுல எந்தச் சீட்டுக்குப் பின்னாடி எந்தச் சீட்டுன்னு அந்தக் கைக்கு முதல் சீட்டு போடுறதுக்கு முன்னாடியே முடிவாயிடும், பின்னாடி யார் நின்னாலும் அந்த வரிசை மாறாது. இதை அவன்கிட்ட ஆட்டம் முடிஞ்ச மறுநாள் சொல்லுங்க, தோத்த சூட்டுல சொன்னா காதுல ஏறாது. ஆனா ஒரு விஷயம், பின்னாடி நின்னு அவன் சீட்டைப் பாக்குறீங்கன்னா உங்க முகத்தை எதிர்ல இருக்கிறவங்க பாத்துக்கிட்டிருப்பாங்க, அக்கா முகம் மலர்ந்தா தம்பிகிட்ட நல்ல கை, வாடினா நல்ல கை இல்லாமலே மிரட்டுற ப்ளஃப்னு கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. நிறைய இடங்கள்ல பாக்க வந்தவங்களை ஆடுறவருக்குப் பின்னாடி நிக்க விடமாட்டாங்க. அவன் சீட்டு தெரியாத பக்கமா ஒரு நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க.